ஏழாயிரம் அடிக்கு இறங்க அனுமதி

அந்தப் பெண்ணை நான் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். சரக்கு ஏற்றிச் செல்லும் ஒரு சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் துணை விமானியாக இருந்தார். வாரத்தில் சில நாட்கள் மதியத்தில் என் காதுக்குள் வந்து பேசிவிட்டுப் போவார். நான் வேறு மாநிலத்தில், ஒரு விமான நிலையத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்க்கிறேன். இருட்டான அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வந்து போகும் விமானங்களோடு பேசுவதுதான் வேலை.

முதல் தடவை என் அலைவரிசைக்கு வந்தபோது, வழக்கமான அழைப்புக்கு முன்னால் ‘வணக்கங்க’ என்றார். வானொலியில் அவரவர் மொழியில் ஒரு வணக்கம் சொல்வது விதிப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த ‘ங்க’ என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான் நாமக்கல் பக்கம் வெண்ணந்தூர்க்காரன். எங்கள் பக்கத்து ஆள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நானும் ‘வணக்கங்க’ என்றேன். அதற்கு மேல் அங்கே ஊர்க்கதை பேச முடியாது. எந்த ஊருங்க என்று கேட்கும் வாய்ப்பு கடைசி வரை அமையவில்லை.

மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதைக்கூட ஆங்கிலம் என்று சொல்லிவிட முடியாது. எண்களும் கொஞ்சம் சொற்களும், அவ்வளவுதான். மேகத்துக்குள் பறக்கும் விமானிக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மலை எது, ஆகாயம் எது என்று தெரியாத வெள்ளை. கருவிகளைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அப்படிப் பறப்பவர் தன் விருப்பத்துக்கு ஏறவோ இறங்கவோ திரும்பவோ கூடாது. எந்த ஊர் வரை, எந்தப் பாதையில், எந்த உயரத்தில், ரேடாரில் அடையாளம் தெரிய எந்த நான்கு இலக்க எண்ணோடு என்று எல்லாவற்றையும் நாங்கள் சொல்ல வேண்டும். அதுதான் கிளியரன்ஸ். புறப்படும் முன்பே முதல் கிளியரன்ஸ் வந்துவிடும். விமானி அதைச் சுருக்கெழுத்துப் போலக் கிறுக்கிக்கொண்டு, அதே வரிசையில் எங்களிடம் திருப்பிச் சொல்வார். ரீட்பேக் என்போம். ஒரே ஓர் எண் மாறியிருந்தாலும் நாங்கள் மறுத்து, மறுபடி சொல்லி, மறுபடி கேட்போம்.

எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ‘நைன்’ என்பதை ‘நைனர்’ என்று இழுக்க வேண்டும், இரைச்சலில் ‘ஃபைவ்’ என்று கேட்டுவிடாமல் இருக்க. ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் வாயில் எடுக்கக் கூடாது. காது கேட்க ஆசைப்படுவதைக் கேட்டுவிடும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பல வருடங்கள் இப்படியே பேசியதில் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ‘வரும்போது அரைக்கிலோ சின்ன வெங்காயம், ஒரு கட்டு கொத்தமல்லி’ என்று மனைவி போனில் சொன்னால் நான் அப்படியே திருப்பிச் சொல்வேன். ‘நா என்ன ஏரோப்பிளேனா ஓட்டறேன்’ என்று அலுத்துக்கொள்வாள்.

அந்தப் பெண் இந்த மொழியை நன்றாகப் பேசினார். வேகமாகச் சொன்னால் சிலர் பதறுவார்கள். சிலர் பாதியை விழுங்கிவிட்டு ‘ரோஜர்’ என்று மழுப்புவார்கள். இவர் ஒரு தடவைகூட மழுப்பியதில்லை. சந்தேகம் வந்தால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுவார். அவர் பேசினால் எனக்கு வேலை குறைவு.

அன்று மழைக்காலத்தின் நடுவில் ஒரு மதியம். எங்கள் பகுதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மலைத்தொடரின் மேல் காலையிலிருந்தே மேகம் கட்டியிருந்தது. அவர்களுடைய விமானம் பதினோராயிரம் அடியில் வந்துகொண்டிருந்தது. விமானத்தில் இரண்டே பேர், கேப்டனும் இவரும். கேப்டன் ஓட்ட, இவர் வானொலியில் பேசினார். வழக்கம்போல வணக்கம். பிறகு, எதிரே மழை மேகம், பாதையிலிருந்து இடது பக்கம் பத்து மைல் விலக அனுமதி வேண்டும் என்றார். கொடுத்தேன். திருப்பிச் சொன்னார்.

சற்று நேரத்தில் மறுபடி வந்தார். கடுமையான குலுக்கல், கீழே இறங்க அனுமதி வேண்டும். நான் திரையைப் பார்த்தேன். கீழே வேறு விமானம் இல்லை. அந்தப் பகுதியில் மலைக்கு மேல் பாதுகாப்பாகப் பறக்கக்கூடிய குறைந்தபட்ச உயரம் ஏழாயிரத்துக்கும் கீழேதான். ‘டிசெண்ட் செவன் தவுசண்ட் ஃபீட், க்யூஎன்எச் ஒன் ஜீரோ ஜீரோ ஃபோர்’ என்றேன். க்யூஎன்எச் என்பது அந்த நேரத்துக் காற்றழுத்த எண். அதை உயரமானியில் வைத்தால்தான் அது சரியான உயரத்தைக் காட்டும்.

அவர் திருப்பிச் சொன்னார். செவன் தவுசண்ட் ஃபீட். ஒன் ஜீரோ ஜீரோ ஃபோர். குரலுக்குப் பின்னால் ஏதோ மணி அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ எங்கேயோ மோதி உருளும் சத்தமும் கேட்டது. கடைசி ஜீரோவுக்கும் ஃபோருக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கினார். எண்கள் எல்லாம் சரி. பறந்துகொண்டிருக்கும் விமானி சரியாகத் திருப்பிச் சொன்னால் நாங்கள் பதில் சொல்வதில்லை. எங்கள் மௌனத்துக்கே சரி என்றுதான் பொருள். நான் பேசாமல் இருந்தேன்.

திரையில் அவர்களுடைய உயரத்தைக் காட்டும் எண் குறைய ஆரம்பித்தது. முதலில் சரியான வேகத்தில்தான் குறைந்தது. பிறகு ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் அது தாவியது. ஏழாயிரத்தில் நிற்கவில்லை. நான் அழைத்தேன். உயரத்தைச் சரிபாருங்கள் என்றேன். பதில் இல்லை. அடுத்த சுற்றில் உயரம் இருந்த இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்து அந்தப் புள்ளியே இல்லை.

அழைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கமாக மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனிடம், நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் நிதானமான கனத்த குரலில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு, தொடர்பு இல்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதற்குள் மேற்பார்வையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். இடையில் வேறொரு விமானம் இறங்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். அந்த விமானி திருப்பிச் சொன்னதைக் கேட்டேன், சரியாக இருந்தது. பிறகு சக ஊழியர் ஒருவர் என் இடத்தை ஏற்கத் தன்னுடைய ஹெட்செட்டைப் பக்கத்தில் செருகினார். நான் எழுந்துகொண்டேன்.

நான் குடித்திருக்கிறேனா என்று மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். ஒலிப்பதிவுக்கு முத்திரை வைத்தார்கள். வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். மறுநாள் காலையில் ஒரு காட்டுச் சரிவில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு இல்லை. உணவகத்துத் தொலைக்காட்சியில் அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. கீழே ஊர்ப் பெயர் ஓடியது. நாமக்கல் மாவட்டம், மல்லசமுத்திரம். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்.

விசாரணை முடியும்வரை யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது, கொஞ்ச நாள் விடுப்பில் போ என்று மேலதிகாரி சொன்னார். மனைவிக்குப் பள்ளியில் வேலை, உடனே வர முடியவில்லை. நான் மட்டும் ரயிலேறிச் சேலம் வந்து, வெண்ணந்தூருக்குப் பஸ் பிடித்தேன்.

அம்மா செய்தியைப் பார்த்திருந்தாள். “நம்ம பக்கத்துப் புள்ளயாம் கண்ணு. ரிக் வண்டி வெச்சிருக்கற ஊடாம். ஒரே புள்ளயாம்” என்றாள், எனக்குத் தட்டில் சோறு போட்டபடி. அப்போதுதான் சொன்னேன், அந்த விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தது நான்தான் என்று. அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப நீ போயி துக்கம் கேட்டுட்டு வந்துரோணும்” என்றாள்.

“போகக் கூடாதும்மா. ஆபீசுல பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“துக்கம் கேக்கறதுக்கு எந்த ஆபீசு பர்மிசன் குடுக்கோணும்? நானும் வாரேன்.”

காரியங்கள் முடிந்த பிறகு போனோம். ஊருக்கு வெளியே தோட்டத்துக்குள் வீடு. வாசலில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று நின்றது. பக்கத்தில் இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்தன. பந்தலைப் பிரித்துவிட்டார்கள், வாடகை நாற்காலிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் இருந்தன. அந்தப் பெண்ணின் அப்பா வெளியே வந்தார். உயரமான மனிதர். வடக்கே பல மாநிலங்களில் போர் போட்டு அலைந்த உடம்பு. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“வாங்க. எந்தூருங்க?”

“வெண்ணந்தூருங்க” என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். “இவன் எம்பையனுங்க. உங்க புள்ளகூட ரேடியோவுல பேசிட்டிருந்தது இவன்தானுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று, “உள்ள வாங்க சாமி” என்றார்.

உள்ளே அந்தப் பெண்ணின் அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி, இறந்த பெண்ணின் தாய்மாமன். நான் யார் என்று கணவர் சொன்னதும் அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

“கடைசியா உங்ககிட்டத்தான் பேசுச்சுங்களா எம்புள்ள?”

“ஆமாங்கம்மா.”

“என்னங்க சொல்லுச்சு?”

பேசக் கூடாது என்பது எனக்கு நினைவில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

“எறங்க அனுமதி குடுத்தனுங்க. அதத் திருப்பிச் சொன்னாங்க.”

“அம்மான்னு சொல்லுச்சுங்களா?”

“இல்லீங்க. நம்பர் மட்டுந்தானுங்க.”

“அந்த நம்பரையே சொல்லுங்க.”

நான் சொன்னேன். எனக்கு அதை ஒரே விதமாகத்தான் சொல்லத் தெரியும், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வோர் எண்ணாக. அந்தக் கூடத்தில் அது கேட்கச் சகிக்கவில்லை. அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தானும் சொல்லிப் பார்த்தார்.

“செவன் தவுசன் ஃபீட். ஒன் ஜீரோ ஃபோர்.”

“ஒன் ஜீரோ ஜீரோ ஃபோர்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, “ஒன் ஜீரோ ஜீரோ ஃபோர்” என்று சரியாகச் சொன்னார். “எம்புள்ள தப்பில்லாம சொல்லுச்சுங்களா?”

“தப்பே இல்லீங்க.”

“பயந்து கெடந்துச்சுங்களா?”

அந்த ஒரு மூச்சை நான் யோசித்தேன். அதை இவரிடமிருந்து மறைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. “குலுக்கல் நெம்ப இருந்துச்சுங்க. நடுவுல ஒரு மூச்சு வாங்குனாங்க. ஆனா நிதானமாத்தான் சொன்னாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை நின்றுகொண்டிருந்த அப்பா கேட்டார்.

“ஏழாயிரத்துக்கு எறங்கச் சொன்னது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“அந்த மல எவ்வளவு ஒசரமுங்க?”

“ஏழாயிரத்துக்குக் கீழதானுங்க. ஏழாயிரத்துல நின்னிருந்தா மேல தாண்டிப் போயிருக்கலாம்.”

“அப்பறம் ஏன் நிக்கலை?”

“தெரியலீங்க. விசாரிக்கறாங்க.”

“நீங்க எறங்கச் சொல்லாம இருந்திருந்தா?”

இதைத்தான் நான் ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். “அதுவும் தெரியலீங்க ஐயா. மேல இருந்திருந்தாலும் அதே மேகந்தான். அவங்கதான் எறங்கோணும்னு கேட்டாங்க.”

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. உண்மைதான். ஆனால் செத்துப்போன பெண்ணின் மேல் பாரத்தைத் தூக்கி வைப்பது போல இருந்தது. தாய்மாமன் எழுந்துவிட்டார்.

“எறங்கச் சொன்னதும் நீ. இப்ப அவதான் கேட்டான்னு சொல்றதும் நீ. சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டயா? எந்திரி முதல்ல.”

அப்பா அவரைத் தடுக்கவில்லை. எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. சன்னலுக்கு வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து கும்பிட்டேன். அந்த அம்மாள் மட்டும் தரையைப் பார்த்தபடி, “தண்ணி கூடக் குடிக்கலயே” என்றார். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

திரும்பும் வழியில் அம்மா பைக்கின் பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது காதருகே கேட்டாள்.

“நீ எறங்கச் சொன்னது செரிதான?”

“செரிதாம்மா.”

அதன்பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை.

விடுப்பு முடிந்து போனதும் என்னை உடனே திரைக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. மருத்துவர் ஒருவரிடம் பேசச் சொன்னார்கள். பிறகு ஒரு மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவனைப் போல மறுபடி தேர்வு வைத்தார்கள். தேறினேன். ஆனால் இறங்க அனுமதி கொடுத்துவிட்டால், திரையில் அந்த எண் நான் சொன்ன உயரத்தில் நிற்கும்வரை வேறு விமானத்தைப் பார்க்க எனக்குச் சிரமமாக இருந்தது. மூத்தவர் கவனித்துவிட்டார். ஒன்றையே பார்த்தால் மற்றது போய்விடும் என்றார். தெரியும் என்றேன்.

ஒரு நாள் மல்லசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. என் அம்மாவிடம் எண் வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாள்தான் பேசினார்.

“சாமி, நீங்க பேசறதெல்லாம் அங்க டேப்புல புடிச்சு வெப்பாங்களாமா?”

“ஆமாங்கம்மா.”

“அதுல எம்புள்ள பேசுனத மட்டும் ஒருக்கா கேக்க முடியுங்களா? இங்க ஒண்ணுமே இல்லீங்க. போட்டோவாத்தான் கெடக்குது. தெனமும் போன் பண்ணுமேன்னு ஒண்ணையும் புடிச்சு வெக்கல.”

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பதிவு விசாரணைக்கு மட்டும்தான், குடும்பத்துக்குக் கொடுக்க விதி இல்லை என்றார். எழுத்திலும் கேட்டேன், எழுத்திலும் அதே பதில் வந்தது. கடைசி நாளுடையது வேண்டாம், அதற்கு முந்தைய ஏதாவது ஒரு நாள் பேசியதையாவது தர முடியுமா என்று கேட்டேன். சாதாரண நாட்களின் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள், பிறகு அதன்மேலேயே புதியது பதிவாகிவிடும். ‘வணக்கங்க’ என்று தொடங்கிய அத்தனை மதியங்களும் அழிந்துவிட்டிருந்தன. கடைசி நாள் மட்டும் எங்கோ பத்திரமாக இருந்தது.

போன் செய்து சொன்னேன். “செரிங் சாமி. கேட்டுப் பாத்தீங்கல்ல” என்றார். எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது அது.

விசாரணை அறிக்கை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இறங்கும்போது இடிமேகத்துக்குள் பலமான கீழ்நோக்கிய காற்றில் சிக்கி, கட்டுப்பாட்டை இழந்து, மீட்க உயரம் போதாமல் மோதியது என்று எழுதியிருந்தார்கள். கட்டுப்பாட்டாளர் கொடுத்த அனுமதி விதிப்படி சரியானது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் நம்புகிறேன். அதைப் படித்த அன்று எனக்கு எந்த மாற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். மனைவி படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா பேசினார். வீட்டுக்குப் போய்வந்த பிறகு அவர் என்னோடு பேசியது அன்றுதான்.

“ரிப்போர்ட்டு வந்துச்சுங்க. இங்கிலீசு தெரிஞ்ச பையன் ஒருத்தன வெச்சுப் படிச்சேன். உங்க மேல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்க.”

“ஆமாங்க ஐயா.”

“எம்புள்ள மேல ஏதாச்சும் இருக்குதுங்களா? அந்தப் பையன் ஒரு எடத்துல கொஞ்சம் முழுங்குனான். அதான் உங்களக் கேக்கறேன்.”

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும்.

“மேகம் அவ்வளவு பலமா இருக்கறது தெரிஞ்சதும் விமானிங்க திரும்பியிருக்கோணும்னு ஒரு வரி இருக்குதுங்க.”

பின்னணியில் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. யாரோ குழாயைத் தூக்கிப் போட்டார்கள்.

“திரும்பறதா வேண்டாமான்னு முடிவு பண்றது யாருங்க? எம்புள்ளயா, அந்த கேப்டனா?”

“கேப்டனுங்க. ஆனா ரெண்டு பேரும் பேசித்தான் பண்ணுவாங்க.”

“கேப்டனும் சின்னப் பையன்தானுங்க. அவங்கப்பா இங்க வந்திருந்தாரு” என்றார். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். “எம்மச்சான் அன்னிக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க.”

“இல்லீங்க ஐயா.”

“நானும் அதயேதான் நெனச்சுட்டு நின்னேன். அவன் வாயில வந்துருச்சு.”

அவங்க அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

“இருக்கறா. காலைல எந்திரிச்சதும் அந்த நம்பரச் சொல்லிட்டே வாசக் கூட்டறா. சொல்லாதன்னா கேக்க மாட்டேங்கறா.” லாரியின் ஹாரன் ஒலித்தது. “வண்டி கெளம்புதுங்க. வடக்க போகுது. இந்த வாட்டி நானும் கூடப் போறேன். ஊட்டுல இருக்க முடியலீங்க.”

எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். மழை முடிஞ்சு பாக்கலாமுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.